கடல் போயிட்டு வரட்டும்

நான் தூத்துக்குடிக்காரி. எந்த ஊருக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்த புதிதிலும் சொன்னேன். காய்கறிக்காரரிடம் சொன்னேன், மாடிவீட்டு வங்காளி அக்காவிடம் சொன்னேன், ஆட்டோவில் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம்கூடச் சொன்னேன். எல்லோரும் ஒரே குரலில், "ஓ, மெட்ராஸ்" என்றார்கள். அன்றைக்கே எனக்கும் இந்த ஊருக்கும் மனஸ்தாபம் தொடங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் பிறந்து, அதே சந்தில் வளர்ந்து, அதே சந்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவர். இவருடைய தமிழ் தனி ரகம். வாக்கியம் தமிழில் கிளம்பும், நடுவழியில் வங்காளத்துக்கு மாறும், இங்கிலீஷில் போய் இறங்கும். இவருடைய அம்மா அப்படியில்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து, மாமாவின் உத்தியோகத்தோடு இங்கேயே தங்கி, மாமா காலமான பிறகும் இங்கேயே இருப்பவர். இத்தனை வருடத்தில் தாமிரபரணித் தமிழில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அத்தை பேசும் வங்காளத்தைக் கேட்டால் வங்காளிகள் அதைத் தமிழ் என்று நினைப்பார்கள்.

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறையில் அது இரண்டு தேசம். ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது, துவையலுக்குத் தேங்காய் எவ்வளவு, ஈரத்துணியைக் கொடியில் எந்தப் பக்கமாக மடித்துப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் சண்டைதான். சத்தம் போட்டுச் சண்டை. இவர் அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெற்றிலைபாக்குக் கடைக்குப் போய்விடுவார். வெற்றிலை போடும் பழக்கம் இவருக்குக் கிடையாது.

எனக்குக் கடல் இல்லாமல் மூச்சு முட்டியது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜம். இவரிடம் புலம்பினேன். பக்கத்து ஏரிக்குக் கூட்டிப் போனார். "இது ஏரி" என்றேன். அடுத்த வாரம் கங்கைப் படித்துறைக்குக் கூட்டிப் போனார். "இது ஆறு" என்றேன். "எல்லாம் ஜல்தானே" என்றார். அப்பேர்ப்பட்ட மனுஷரிடம் என்னத்தைப் பேசுவது?

இந்த நிலைமையில்தான் என் அலுவலகத்தில் சென்னைக்கு மாற்றல் வேண்டுமா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நான் போனால் இவரும் எப்படியாவது அங்கே ஒரு வேலை தேடிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் அத்தை வரமாட்டார். லேக் மார்க்கெட்டை விட்டு ஒரு அடி நகரமாட்டார் என்பது முருங்கைக்காய் விற்பவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் என் ஒரு வார்த்தையில் ஒரு வீடு இரண்டாகிவிடும். அதை நினைத்தால் எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் போய்விட்டால் அத்தைக்கு நிம்மதிதான், சமையலறை திரும்பக் கைக்கு வந்துவிடுமே என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இவர் முகம் வாடிப்போய்த் திரிந்தார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே வாயைக் கொடுத்தேன். "ஒரு கடலைக் காட்டு. நெசமான கடல். காட்டுனா இருக்கேன்" என்றேன். அத்தை பக்கத்தில் இல்லாதபோது இவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன்; அத்தை வந்துவிட்டால் நீங்கள், வாங்கள், போங்கள். நான் விளையாட்டாகச் சொன்னதை இவர் கோர்ட் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டார். போனும் கையுமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து, மௌசுனி என்று ஒரு தீவைக் கண்டுபிடித்தார். பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறி நாம்கானா, அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா, பிறகு ஆற்றைக் கடக்கப் படகு, தீவில் இறங்கி மறுபடி டோட்டோ, அதற்கப்புறம் கடல். சனிக்கிழமை போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றார்.

"நானும் வாரேன்" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தையும் கோயிலும் தவிர வேறெங்கும் போகாதவர். என்னை ஒரேயடியாக வழியனுப்பி வைக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிவதற்கு முன்பே சமையலறையில் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், தேங்காய்த் துவையல், அப்பளம் எல்லாம் டிபன் அடுக்கில் ஏறிக்கொண்டிருந்தன. போய் வாங்கிச் சாப்பிடலாம் என்று இவர் சொல்லிப் பார்த்தார். "கடலுக்குப் போறோமா, கெடச்சதத் திங்கப் போறோமா?" என்று கேட்டு அத்தை வாயை அடைத்துவிட்டார். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் வேகவைத்த முட்டையும் மசாலாப் பொரியும் தின்றுகொண்டு வந்தார்கள். எங்கள் மடியில் அந்த அடுக்கு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

படகுத்துறையில் அத்தைக்கு முகம் மாறியது. எஞ்சின் வைத்த மரப் படகு. ஏற்கெனவே நாலைந்து மோட்டார் சைக்கிள்களும் ஒரு ஆடும் கேஸ் சிலிண்டர்களும் ஏறி நின்றன. சரிவான சிமெண்டுத் துறை சேற்றில் வழுக்கியது. "செந்தூர் முருகா" என்று சொல்லிக்கொண்டே அத்தை என் கையைப் பிடித்தார். பெற்ற பிள்ளை மறுபக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதை விட்டுவிட்டு என் கையைத்தான் பிடித்தார். படகிலிருந்த ஒரு அம்மாள் ஆட்டைத் தள்ளிவிட்டு, "மாஷிமா, இங்கே உட்காருங்கள்" என்று வங்காளத்தில் சொல்லி இடம் கொடுத்தார். அத்தை அக்கரை வரைக்கும் ஆட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

தீவில் டோட்டோ குலுங்கிக் குலுங்கிப் போய், ஒரு சவுக்குத் தோப்பில் எங்களை இறக்கிவிட்டது. தோப்பின் விளிம்பில் கடல் நின்றது. கரையில் புயலுக்குச் செத்த மரங்களின் அடித்தூர்கள். அவற்றை நனைத்துக்கொண்டு நிறையத் தண்ணீர். நிறம் கொஞ்சம் பால் குறைந்த டீதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடல். காற்றில் உப்பு இருந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, இவர் அதைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

எங்களோடு படகில் வந்த வங்காளிக் குடும்பம் பையைக் கீழே போட்ட அடுத்த நிமிடம் தண்ணீருக்குள் இருந்தது. நானும் செருப்பைக் கழற்றினேன்.

"மொதல்ல சாப்பிடுவோம்" என்றார் அத்தை. "காலையில ஆக்குனது. வெயிலு ஏறுனா தயிர்சோறு புளிச்சுப் போவும்."

"மா, ஆகே கடல், அப்புறம் சாப்பாடு" என்றார் இவர். "பாட்டா ஆரம்பிச்சா தண்ணி உள்ள போயிடும்."

பாட்டா என்றால் கடல் வற்றுவது. எங்கள் ஊரிலும் கடல் ஏறும், இறங்கும். ஆனால் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். கடலுக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. கடலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கடல் எங்க ஓடியா போவப்போவுது?" என்றேன். "அத்தை சொல்றதுதான் சரி. சாப்பிடுவோம்."

கல்யாணமான நாளிலிருந்து அத்தையும் நானும் ஒரே கட்சியில் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கூட்டணிக்கு முன்னால் இவர் என்ன செய்வார், பாவம். இலை போட்டுக்கொண்டோம். புளியோதரை அருமையாக இருந்தது. துவையலில் தேங்காய் குறைவு என்று நான் சொல்ல நினைத்து, வந்த இடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் மறுபடி செருப்பைக் கழற்றினேன்.

"சாப்பிட்ட ஒடனே தண்ணில எறங்கப்படாது" என்றார் அத்தை. "ஒரு மணி நேரமாவது கழியணும்."

என் அம்மாவும் இதையேதான் சொல்லுவாள். தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஒத்துப்போகிற ஒரே சட்டம் இதுவாகத்தான் இருக்கும். சவுக்கு நிழலில் போர்வையை விரித்தோம். காற்று சுகமாக அடித்தது. விடியலில் எழுந்த களைப்பு வேறு. கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ தூரத்தில் இவர் குரல் கேட்டது.

"மா, கடல் போகுது."

அத்தை கண்ணைத் திறக்காமலே, "போயிட்டு வரட்டும்ல" என்றார்.

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. புரண்டு படுத்துவிட்டேன்.

எழுந்து பார்த்தபோது கடல் இல்லை. மிகைப்படுத்தவில்லை, இல்லவே இல்லை. தண்ணீர் நின்ற இடத்தில் ஈரச் சேறு வரிவரியாகத் தொடுவானம் வரைக்கும் கிடந்தது. அதில் சிவப்பு நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வங்காளிக் குடும்பம் குளித்து, தலை துவட்டி, பவுடர் போட்டு, இப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"ஏல, கடலு எங்கல?" என்று அத்தை மகனைக் கேட்டார்.

இவர் கையை நீட்டினார். வெகு தூரத்தில் மெல்லிசாக ஒரு கோடு பளபளத்தது. "எப்போ திரும்பும்?" என்றேன். "சாயங்காலம், ராத்திரி ஆகும்" என்றார். அதற்குள் நாங்கள் படகேறியாக வேண்டும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு இருக்கிறதே. "எங்க ஊர்க் கடல் கவர்மெண்டு உத்தியோகம். எப்பப் போனாலும் சீட்டுலயே இருக்கும்" என்றேன். "ஒங்க ஊர்ல கடலுக்குக்கூடச் சனிக்கெழம அரைநாள் லீவாக்கும்?"

வழக்கமாக இவர் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. செத்த மரத்தூரில் உட்கார்ந்து சேற்றையே பார்த்தார். "ஐ ட்ரைட்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வார்த்தையும் ஒரே பாஷையில் வந்ததைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. மனுஷர் நிஜமாகவே உடைந்து போயிருந்தார்.

அப்போது அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார். "அது வராட்டா நாம போவோம். வாட்டி" என்று என்னைக் கூப்பிட்டார். மகனைப் பார்த்து, "நீ சாமானப் பாத்துக்கல, நாய் நிக்கி" என்றார். சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தேவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

சேறு முதலில் கணுக்கால் அளவுதான் இருந்தது. போகப் போகக் காலை உள்ளே இழுத்தது. அத்தையின் வலதுகால் செருப்பு புதைந்துகொண்டது. நான் குனிந்து இழுத்ததில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். நண்டுகள் நாங்கள் பக்கத்தில் போவதற்குள் பொந்துக்குள் மறைந்தன. திரும்பிப் பார்த்தால் இவர் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. நின்றால் முழங்கால்வரைக்கும்கூட இல்லை.

"இதுல எப்படிக் குளிக்க அத்தை?"

"இப்படித்தான்" என்று சொல்லி, அத்தை சேலையோடு அப்படியே சம்மணம் போட்டுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் இடுப்பளவு இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தைகள் டப்பில் குளிப்பது போலக் கையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டோம். நடுக்கடலில் இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கோலத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "திங்கக்கெழம என்ன சொல்லப்போற?"

"தெரியல அத்தை."

"அவன் எங்கிட்ட வந்து, நீ பேசி அவளை இருக்க வையின்னான். அது ஏஞ் சோலி இல்லன்னுட்டேன்."

"நான் போயிட்டா ஒங்களுக்கு நிம்மதிதான அத்தை" என்றேன். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

அத்தை அள்ளின தண்ணீரைக் கீழே விட்டார். "நிம்மதியா? ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?"

தண்ணீரில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒங்க மாமா போன பொறவு அந்த வீட்டுல நான் வாயத் தொறந்து ஒரு சண்ட போட்டது கெடையாது. யார்ட்டப் போட? இவன்ட்டப் போட்டா, 'டீக் ஆச்சே மா, சரிம்மா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருதான். மாடிவீட்டுக்காரிட்ட ஒருநா வங்காளத்துல போட்டுப் பாத்தேன். வார்த்தயத் தேடித் தேடிப் பேசுததுக்குள்ள கோவமே ஆறிப் போச்சு. நீ வந்த பொறவுதான நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுத. ராத்திரி படுத்தா, நாளைக்கு இவள என்ன சொல்லி மடக்கலாம்னு யோசன ஓடுது. காலையில எந்திரிக்கணும்னு ஆச வருது. இல்லன்னா நான் எதுக்கு எந்திரிக்க, சொல்லு."

தண்ணீர் இன்னும் கொஞ்சம் விலகிப் போனது. அத்தை அதோடு சேர்ந்து ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இருன்னு நான் சொல்ல மாட்டேன். என்னைய இங்க கூட்டிட்டு வரும்போது ஒருத்தரும் ஏங்கிட்டக் கேக்கல. ஒன்னையக் கேக்குதாவ. பதில் ஒன்னோடது. ஆனா நீ போனா எனக்குத் தாங்காது. அதயும் சொல்லிட்டேன்."

ஒன்பது சொல்லுகிறவளுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. அத்தை தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்து, "மூக்கச் சிந்துட்டி" என்றார்.

திரும்பி வந்தபோது இவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. "கடல் எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "பத்துக்கு ரெண்டு மார்க்" என்றேன். இவர் தலையாட்டிக்கொண்டு பைகளைத் தூக்கினார்.

படகுத்துறையிலும் ஆறு வற்றியிருந்தது. படகு துறைக்கு வரமுடியாமல் தள்ளி நின்றது. சேற்றின்மேல் போட்டிருந்த பலகையில் நடந்துதான் ஏற வேண்டும். பலகை ஆடியது. காலையில் இடம் கொடுத்த அதே அம்மாள் படகிலிருந்து கையை நீட்ட, நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அத்தை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறிவிட்டார். இவர் ஏறும்போது கால் வழுக்கி ஒரு பை சேற்றில் விழுந்தது. "நல்லவேள, அடுக்கு எங்கிட்ட இருந்துச்சு" என்றார் அத்தை.

ரயிலில் இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டுமே என்று இருந்தேன்; அந்த அளவுக்கு நல்லவள் இல்லை நான்.

திங்கட்கிழமை காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேலதிகாரியிடம் போனில் பேசினேன். இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னேன். வெளியே வந்து இவரிடமும் சொன்னேன். இவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தெரியும். அந்தக் கடல்தான். நான் சொன்னேன்ல?" என்றார். இன்றைக்கு வரைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் கடலைக் காட்டிப் பெண்டாட்டியை நிறுத்திய கதையைச் சொல்கிறார். நானும் அத்தையும் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்.

அன்றைக்குக் கையை விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அந்த வீட்டில் சுவர் பேருக்குத்தான். நான் போனில் பேசியது அங்கே கேட்காமல் இருந்திருக்காது. அத்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றார். நான் முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். 

அத்தை திரும்பித் தட்டைப் பார்த்தார். "முருங்கக்காய இப்படியா நறுக்குவாவ? ஒங்க ஊர்ல வெறகு பொளக்கத்தான் சொல்லிக் குடுத்தாவளா?"

"ஒங்க ஊர்ல மட்டும் என்னவாம்?" என்றேன். "தீக்குச்சி கணக்கா நறுக்கிட்டு, சாம்பார்ல காயத் தேடுவீங்க."

அத்தை குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பேச்சு சாம்பாரிலிருந்து அவருடைய நாத்தனார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து என் சித்தி கல்யாணத்துப் பந்திக்கு வந்தது. இவர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "கீ ஹோலோ? மறுபடி என்ன? அவதான் இருக்கேன்னு சொல்லிட்டாளே, மா!"

"ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போல" என்றார் அத்தை. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுட்டி. ஒஞ் சித்தி கல்யாணத்துல என்ன சாம்பாரு?"